கேஸ் போடச் சொன்னவர்களுக்கு

பினாங்கில் குளிராத எந்தப் பெட்டிக்கும் ஒரே வைத்தியம்தான். வீட்டில் ஐஸ்பெட்டி குளிரவில்லையா? கேஸ் தீர்ந்துவிட்டது. காரில் ஏர்கான் அனலாக வீசுகிறதா? கேஸ் தீர்ந்துவிட்டது. சுங்கை டுவாவில் என் சலவைக் கடை வாசலில் நிற்கும், காசு போட்டால் டின் பானம் தரும் இயந்திரம் குளிர மறுத்தபோதும் வந்தவர், போனவர், தொலைபேசியில் நலம் விசாரித்தவர் என எல்லோர் வாயிலும் அதே பேச்சு. கதவைத் திறந்தார்கள், கையை உள்ளே நீட்டினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், விலை சொன்னார்கள். முந்நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்), நானூறு வெள்ளி. ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இயந்திரம் இப்போது நன்றாகக் குளிர்கிறது. ஒரு கிராம் கேஸ்கூடப் போடவில்லை. அப்படியானால் என்னதான் செய்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நின்று விளக்க எனக்கு நேரமில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

என்னுடையது சில்லறை போட்டுத் துணி துவைத்து, உலர்த்தி எடுத்துப் போகும் கடை. யுஎஸ்எம் என்று எல்லோரும் அழைக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். துணி உலரும்வரை கைபேசியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தாகம் எடுக்கும். கடைக்கு முன்பு நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் எனக்குப் புதிதல்ல. "பெண்பிள்ளைக்கு இது எதற்கு" என்று கேட்கிற ஆட்களும் எனக்குப் புதிதல்ல.

இயந்திரம் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சரக்கு. பிறைப் பக்கம் ஒரு கொட்டகையில் வைத்து விற்கிறார் ஒரு தம்பி. மூன்று அறைகள், மேலே ஒளிரும் மாதிரி டின்கள், வண்ணமெல்லாம் வெளுத்திருந்தாலும் கதவு பூட்டும்போது காரின் கதவு மூடுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று என் கணவர் சொல்கிறார், மறுக்க மாட்டேன். யென் நாணயம் வாங்கும் பெட்டியைக் கழற்றி நம் ஊர் நாணயம் வாங்கும் பெட்டியைப் பொருத்தித்தான் அந்தத் தம்பி அனுப்பினார். அந்த வேலை சுத்தமாக இருந்தது. மற்றது எதுவும் சுத்தமாக இல்லை.

முதலில் இந்தக் கேஸ் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். அடுப்பில் எரிகிற கேஸ் தீரும். குளிரூட்டும் கேஸ் தீராது. பற்றவைத்து அடைத்த செம்புக் குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. வெளிச்சுருளில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. மிக மெல்லிய ஒரு குழாய் வழியாக நுழைந்து உள்சுருளில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை டின்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரசருக்கு. இந்தச் சுற்றில் கேஸ் செலவாகிற இடம் எதுவும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்க வேண்டும். கசிந்திருந்தால் அதோடு சுற்றுகிற எண்ணெயும் சேர்ந்து கசிந்து, அந்த இடத்தில் தூசு ஒட்டிய பிசுக்குக் கறை இருக்க வேண்டும். விளக்கு அடித்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். காகிதம் தூசாகத்தான் வந்தது, எண்ணெயாக வரவில்லை.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கேஸ் குறைந்த இயந்திரத்தில் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஆனால் உள்சுருளின் நுழைவாயில் பக்கம் கொஞ்சம் மட்டும் பனி படிந்து, மிச்சச் சுருள் வெறுமனே இருக்கும், வெளிச்சுருளும் சூடேறாது. என்னுடையது ஓடிய நேரங்களில் உள்சுருள் முழுக்க ஒரே சீராகக் குளிர்ந்திருந்தது. கம்ப்ரசரை விட்டு வெளியேறும் குழாயில் விரல் வைக்க முடியவில்லை.

இதைவிட முக்கியமானது கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தகடு. என் இயந்திரத்தில் ஆர்-407சி என்று போட்டிருக்கிறது. அது ஒரே வாயு அல்ல. மூன்று வாயுக்களின் கலவை: ஆர்-32 நூற்றுக்கு 23 பங்கு, ஆர்-125 25 பங்கு, ஆர்-134ஏ 52 பங்கு. மூன்றும் வெவ்வேறு வெப்பநிலையில் ஆவியாகின்றன. கசியும்போது மூன்றும் ஒரே அளவில் கசிவதில்லை, ஆகவே உள்ளே மிஞ்சியிருப்பது பழைய கலவையே அல்ல. மேலே கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டுகிற பேச்சு இங்கே செல்லாது. முழுவதையும் உறிஞ்சி எடுத்து, கசிவை அடைத்து, வெற்றிடமாக்கி, தகட்டில் உள்ள எடைக்குத் திரவமாக ஏற்ற வேண்டும். எனக்கு விலை சொன்னவர்களில் ஒருவர்கூட எடைத் தராசு கொண்டுவரவில்லை, தகட்டைப் படிக்கவில்லை. ஜப்பானிலிருந்து வரும் புதிய இயந்திரங்கள் சிலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது, அது தீப்பற்றும். சிலவற்றில் கரியமில வாயு, மிக உயர்ந்த அழுத்தத்தில். தகட்டைப் பார்க்காமல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

என் கணவரின் தாய்மாமா ஏர்கான் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் "கேஸ்தான் அம்மா" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் நான் தகட்டைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அப்படியானால் முதலில் மின்சாரத்தைப் பார்" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

கடையில் வைத்து முதன்முதலில் சுவிட்சைப் போட்டபோது கேட்டது இப்படி: ஒரு முனகல், ஐந்தாறு விநாடி. பிறகு 'டக்'. அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் முனகல், மறுபடியும் 'டக்'. அந்த 'டக்' கம்ப்ரசரின் தோளில் ஒட்டியிருக்கும் சிறிய கறுப்பு வில்லையின் சத்தம். மின்னோட்டம் அளவு மீறினால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் சேர்க்கும். கம்ப்ரசர் சுற்றத் தொடங்க முடியாமல் திணறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கொட்டகையில் இதே இயந்திரம் ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே கொட்டகையில் இருந்த, ஆனால் என் கடையில் இல்லாத ஏதோ ஒன்றைத் தேட வேண்டும்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 என்று தாளில் இருந்தாலும் என் கடைப் பிளக்கில் 240-ஐ ஒட்டியே இருக்கிறது. நடுவில் டிரான்ஸ்பார்மர் வேண்டும். விற்ற தம்பி ஒன்றைச் சேர்த்துத்தான் கொடுத்தார்; மேலே 500 வோல்ட்-ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இயந்திரம் ஓடும்போது இழுப்பது நாலு ஆம்பியருக்குள், அதாவது 400 வோல்ட்-ஆம்பியர். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நிற்கிற கம்ப்ரசர் புறப்படுகிற அந்த ஒரு கணம், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மல்டிமீட்டரை டிரான்ஸ்பார்மரின் வெளிமுனையில் வைத்து என் மகளைச் சுவிட்சைப் போடச் சொன்னேன். 101 என்று நின்ற எண், முனகல் தொடங்கியதும் 70-க்குக் கீழே விழுந்தது. 'டக்' என்றதும் 101-க்கு ஏறி உட்கார்ந்தது. எழுபது வோல்ட்டில் எந்தக் கம்ப்ரசர் புறப்படும்? கொட்டகையில் அவர் ஓட்டிக் காட்டியது பெரிய டிரான்ஸ்பார்மரில். வாங்கியவளுக்குக் கொடுத்தது சின்னதை.

2000 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். நீண்ட, மெலிந்த நீட்டிப்பு வயரையும் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகினேன். முனகல் வந்த வேகத்திலேயே போனது, கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று: ஓடாத கம்ப்ரசரின் சுவிட்சைத் தட்டித் தட்டிப் போடாதீர்கள். நின்றதும் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். மெல்லிய குழாய் வழியாக இரண்டும் சமமாக ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் போட்டால் நல்ல கம்ப்ரசரும் திணறித்தான் நிற்கும். இரண்டு: வாங்கும்போது தகட்டில் 50/60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு) என்று இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் இயந்திரங்களில் இருக்கும், காரணம் அந்த நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவு, இன்றுவரை கிழக்கே 50, மேற்கே 60. நமக்கு அது அதிர்ஷ்டம், நம் மின்சாரம் 50. அமெரிக்கப் பழைய இயந்திரங்களில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருக்கும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்தக் கம்ப்ரசர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், தேவைக்கு மேல் சூடாகி ஓடும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கும் இடையே மின்தடையை அளந்துபார்த்தேன், அது நலமாக இருந்தது. அளக்க விரும்புகிறவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரைத் தொடங்கிவைக்கும் ரிலேயைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மூன்று ஜோடிகளில் இரண்டு சிறிய எண்களைக் கூட்டினால் மூன்றாவது எண் வர வேண்டும். எந்த முனைக்கும் உடலின் இரும்புக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. ரிலேயைக் காதருகே ஆட்டினால் உள்ளே உடைந்த துண்டு கலகலக்கிறதா என்று தெரியும். என்னுடையது கலகலக்கவில்லை.

சரி, ஓடுகிறது. ஆனால் குளிர் போதவில்லை. மாணவர்கள் டின்னைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்து குறை சொன்னால்கூடப் பரவாயில்லை.

சலவைக் கடை என்பது இந்த மாதிரி இயந்திரத்துக்கு எமன். உலர்த்தும் இயந்திரங்கள் வெளியே தள்ளுகிற வெப்பம் ஒரு பக்கம், பஞ்சு இன்னொரு பக்கம். கீழ்த் தட்டியைக் கழற்றினேன். வெளிச்சுருளின் முகத்தில் கம்பளிப் போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன். கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து கையோடு வந்தது. சாம்பல் நீலம். ஜீன்ஸ் நிறம்தான் அதிகம், நடுநடுவே சிவப்பு இழைகள், யாருடைய தலைமுடியோ, ஒரு சட்டைப் பொத்தான். அதற்கு அடியில் இன்னொரு அடுக்கு, கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு: அது கப்பலேறி வந்த ஜப்பான் தூசு. இரண்டுக்கும் நடுவே எந்தக் காற்று நுழையும்? வெப்பத்தை வெளியே விட வழியில்லாத இயந்திரம் உள்ளே குளிர்விக்க முடியாது. வெளிக்குழாயில் விரல் வைக்க முடியாமல் போனதன் காரணம் அதுவே. மென்மையான தூரிகையால் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் அந்த அலுமினியத் தகடுகள் மடங்கி வழியை அடைத்துவிடும். பிறகு உறிஞ்சு இயந்திரம். சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைத்தேன். உலர்த்தும் இயந்திரங்களின் பக்கமாக இருந்ததை வாசலின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். இப்போது ஞாயிறுதோறும் அந்தத் தட்டியைக் கழற்றாமல் நான் தேநீர் குடிப்பதில்லை.

அடுத்தது கதவு ரப்பர். கதவின் இடுக்கில் ஒரு நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்கிற பழைய சோதனை எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளை எடுக்காதீர்கள், அவை பிளாஸ்டிக், நல்ல ரப்பரிலும் வழுக்கிக்கொண்டு வரும். பத்து வெள்ளி நோட்டு காகிதம், அதுதான் உண்மையைச் சொல்லும். கீழ் மூலையில் என் பத்து வெள்ளி எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ரப்பரைச் சூடாக்கி இழுத்து விட்டு, கதவை இறுக மூடி இரவெல்லாம் வைத்ததில் பழைய வடிவத்துக்கு வந்தது. பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். அந்த இடுக்கு வழியாக நுழையும் ஈரம் உள்சுருளில் பனிக்கட்டியாகப் படிந்து, கடைசியில் காற்றே போக முடியாமல் சுருளை மூடிவிடும்.

டின் விழுகிற இடத்தில் அறைக்கு அறை ஒரு சிறிய மடிப்புக் கதவு உண்டு, டின் தள்ளித் திறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டியது. நடு அறையின் மடிப்பில் நசுங்கிய டின் ஒன்று சிக்கி அதைத் திறந்தபடியே வைத்திருந்தது. வலப்பக்க அறை, குளிர்காலத்தில் சூடான காப்பி விற்பதற்காகச் சிவப்புப் பக்கம் திருப்பி வைத்திருந்த சுவிட்சோடு வந்து சேர்ந்திருந்தது. ஜப்பானியர் ஒரே இயந்திரத்தில் ஒரு பக்கம் ஐந்து டிகிரியிலும் மறுபக்கம் ஐம்பத்தைந்து டிகிரியிலும் விற்பவர்கள். நீலத்துக்குத் திருப்பினேன். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், கீழே குனிந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு காலையில் டின்கள் பல் கூசும் குளிர்ச்சியில் வந்தன. இரவிலும் அப்படியே. பகல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெதுவெதுப்பு. ஜூன் மாதம் முழுக்க எந்தக் குறையும் இல்லை; ஜூலை பிறந்ததும் இந்தக் கூத்து. மறுபடியும் "கேஸ்தான் அக்கா, வெயில் நேரத்தில் தாங்கவில்லை" என்றார் விற்ற தம்பி. கேஸுக்கு வெயில் தெரியும், நிலா தெரியும் என்றால் ஜூன் மாத வெயில் மட்டும் தெரியாமல் போனது எப்படி?

சுவருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே மின்சக்தி காட்டும் சிறிய மீட்டரைச் செருகினேன். அடுத்து விழப்போகும் டின்னோடு வெப்பமானியின் முனையை ஒட்டி, மேலே பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினேன். காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்தால் தாவும், டின்னின் வெப்பநிலை பொய் சொல்லாது. நோட்டுப் புத்தகத்தோடு முக்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கலவைச் சாதக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு குவளைத் தேநீர் அனுப்பி வைத்தார்.

காலை பத்தரைக்குக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது, டின் நாலு டிகிரிக்கும் கீழே, வழக்கத்தைவிட அதிகக் குளிர். பகல் பன்னிரண்டு அடித்ததும் நின்றது. 'டக்' இல்லை, திணறல் இல்லை. யாரோ சொல்லி நிறுத்தியதுபோல் ஒழுங்காக நின்றது. பாதுகாப்பு வில்லை துண்டித்தால் சில நிமிடத்தில் சேர வேண்டும், சேரவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மீட்டரில் விளக்குக்கான மின்சாரம் மட்டும். டின் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஏறுகிறது. மாலை மூன்று மணி ஆனதும் தானாகவே ஓடத் தொடங்கியது. மறுநாளும் அதே பன்னிரண்டு, அதே மூன்று. பழுதான எந்தப் பொருளும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. இது பழுதல்ல, உத்தரவு.

கதவின் உள்ளே எண்பலகையும் சிறிய திரையும் இருக்கின்றன. எல்லாம் ஜப்பானிய எழுத்து. கைபேசிக் கேமராவைக் காட்டிக் காட்டி, அது உளறுகிற பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் படித்துப் பட்டியல்களுக்குள் போனேன். முதலில் கண்ணில் பட்டது இயந்திரத்தின் கடிகாரம். என் கைக்கடிகாரத்தில் நாலே கால், அதில் ஐந்தே கால். ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணி முன்னால். அப்படியென்றால் இயந்திரத்தின் கணக்கில் அது நின்றது பகல் ஒரு மணிக்கு, எழுந்தது நாலு மணிக்கு.

ஜப்பானில் 1995 முதல் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கோடையில் ஊரெல்லாம் ஏர்கான் ஓடி மின்சாரத் தேவை உச்சிக்குப் போகிற நேரத்தில் பான இயந்திரங்கள் குளிரூட்டலை நிறுத்திக்கொள்ளும். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை, பகல் ஒரு மணி முதல் நாலு மணி வரை. காலையிலேயே டின்களைக் கூடுதலாகக் குளிர்வித்து வைத்துக்கொண்டு, அந்த மூன்று மணி நேரத்தை அதை வைத்தே ஓட்டிவிடும். காலையில் நாலு டிகிரிக்குக் கீழே இறங்கியதன் காரணமும் கிடைத்துவிட்டது. டோக்கியோவுக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்க சுங்கை டுவாவில் வேலைநிறுத்தம் செய்திருக்கிறது என் இயந்திரம்! ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மலாயா முழுவதையும் டோக்கியோ நேரத்தில்தான் ஓட்டினார்கள். மாமாவிடம் இதைச் சொன்னதும் அவர் அதைத்தான் நினைவுபடுத்தினார். கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றினேன், அந்த ஏற்பாட்டை அணைத்தேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் யாரும் இதைக் கவனிக்காமல் போனதும் என் கடையில் உடனே தெரிந்ததும் ஏன் என்று யோசித்தேன். அங்கே மூடிய கதவு மூடியபடி மூன்று மணி நேரம் நிற்கும். நானோ பன்னிரண்டு மணிக்குத்தான் கதவை அகலத் திறந்துவைத்துச் சரக்கு நிரப்புவேன், துணிக்கூட்டம் குறைகிற நேரம் அதுதான். முப்பத்திரண்டு டிகிரி டின்கள் உள்ளே போகும், குளிரூட்டல் படுத்திருக்கும். 325 மில்லி டின் ஒன்றை முப்பத்திரண்டிலிருந்து ஐந்து டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 37 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நூறு டின் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். ஒரு சிறிய கம்ப்ரசருக்கு இது சில மணி நேர வேலை, அதுவும் கதவைத் திறக்காமல் இருந்தால். நிரப்புவதை இரவு பத்து மணிக்கு மாற்றிவிட்டேன்.

மேல் வரிசை டின்னைத் தொட்டுப் பார்த்துக் குளிரவில்லை என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வகை இயந்திரங்கள் அறை முழுவதையும் குளிர்விப்பதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த, அடுத்து விற்கப்போகும் கீழ் டின்களை மட்டுமே நன்றாகக் குளிர்விக்கும். மேலே காத்திருப்பவை கீழே இறங்க இறங்கக் குளிரும். விற்ற தம்பி உள்ளே கை நீட்டித் தொட்டது மேல் வரிசையை. அவருடைய கொட்டகையில் இருக்கிற மற்ற இயந்திரங்களுக்கும் அந்தச் சோதனையைத்தான் செய்கிறாரோ என்னவோ.

இதிலும் என் கடைக்கென்று ஒரு சிக்கல் வந்தது. வெள்ளி மாலையில் பந்து விளையாடிவிட்டு வியர்வைச் சட்டையோடு மாணவர்கள் கூட்டமாக வருவார்கள், எல்லோருக்கும் 100 பிளஸ் என்ற வாயுப் பானம்தான் வேண்டும். ஒரே வரிசையில் இருந்த 100 பிளஸ் மளமளவென்று இறங்கியது. குளிர நேரம் கிடைக்காமல் பின்னால் வந்தவன் வெதுவெதுப்பானதை வாங்கிக்கொண்டு போனான். 100 பிளஸை மூன்று வரிசைகளில் பிரித்துப் போட்டேன். இப்போது ஒவ்வொரு வரிசையும் மெதுவாக இறங்குகிறது, கீழே நிற்கும் டின்னுக்குக் குளிர அவகாசம் கிடைக்கிறது. மெதுவாக விற்கிற சோயா பாலையும் கிரிசாந்திமம் தேநீரையும் ஒவ்வொரு வரிசைக்குக் குறைத்தேன்.

அந்தச் சோயா பால் வரிசை குளிர்காற்று வெளியே வருகிற வாய்க்கு நேராக அமைந்துவிட்டது. நாள்கணக்கில் அசையாமல் நிற்பதால் அடியில் இருக்கும் டின்னில் பனித்துருவல் கட்டுகிறது. நேற்று ஒரு மாணவி அதைக் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். வாயுப் பானம் அங்கே இருந்து உறைந்தால் டின் உப்பி வெடிக்கும், ஆகவே வரிசையை மாற்றாமல் அறையின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றிப் பார்க்கப் போகிறேன். எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மறுபடியும் கைபேசியைக் காட்டித் தேட வேண்டும்.